தொண்டைப் புண்ணுக்கும் இதய வால்வுக்கும் என்ன தொடர்பு?

பவானியில் தறி நெய்பவர் கேட்கிறார்: மகளுக்குத் தொண்டைப் புண் ஆறி மூன்று வாரத்தில் மூட்டு வீங்கியது, இதய வால்வையும் பார்க்கச் சொல்கிறார்கள், ஏன்?

வாதக் காய்ச்சலோ என்ற சந்தேகம்தான் காரணம். தொண்டைத் தொற்றுக்குப் பின் மூட்டையும் இதய வால்வையும் தாக்கும் நோய் அது. அதற்குக் கிருமி இதயத்துக்குப் போகவே வேண்டியதில்லை. தொண்டைப் புண்ணை உண்டாக்கும் ஏ வகை ஸ்ட்ரெப்டோகாக்கஸ் பாக்டீரியாவின் மேற்பரப்பில் உள்ள 'எம்' புரதம், அமைப்பில் நம் இதயத் தசையின் மயோசின் என்ற புரதத்தை ஒத்தது. அதற்கெதிராக பி செல்கள் என்ற வெள்ளணுக்கள் சுரக்கும் எதிர்ப்பொருள்களில் சில, இதய வால்வு உள்ளிட்ட நம் திசுவிலேயே ஒட்டுகின்றன, அவைதான் தன்னெதிர்ப்பொருள்கள். இத்தகைய பி செல்களை உடல் வழக்கமாக அடக்கியே வைத்திருக்கும். பாக்டீரியாவின் டி.என்.ஏ. துணுக்குகள் டி.எல்.ஆர். 9 என்ற உணரியைத் தூண்டும்போது அந்தக் கட்டு தளரக்கூடும். எல்லாருக்கும் இப்படி நேராது, மரபுக்கும் பங்குண்டு.

இந்தக் கிருமிக்கெதிரான எதிர்ப்பொருளை ரத்தத்தில் அளக்கும் ஏ.எஸ்.ஓ. சோதனையில் அளவு கூடியிருந்தால் தொற்று வந்துபோனது என்றுதான் பொருள். அதை மட்டும் வைத்து வாதக் காய்ச்சல் என்று முடிவுகட்டுவது தவறு. வால்வைப் பார்க்க எக்கோ (இதய அல்ட்ராசவுண்ட்) எடுத்துவிடுங்கள். வாதக் காய்ச்சல் உறுதியானால், மூன்று நான்கு வாரத்துக்கு ஒருமுறை போடும் பென்சிலின் ஊசியை, நோன்பி, பண்டிகை வந்தாலும் தள்ளிப்போடாதீர்கள்.