டான்ட்-ஆர் ஆடுவதற்கு ஜப்பானிய மொழி தெரிந்திருக்க வேண்டுமா?

ஜப்பானிய மொழியில் ஓர் எழுத்துக்கூடத் தெரியாது, சேகா நிறுவனத்தின் டான்ட்-ஆர் போன்ற பழைய ஆர்கேட் (நாணயம் போட்டு ஆடும் கடை) விளையாட்டுகளை என்னால் ஆட முடியுமா என்று கேட்டிருக்கிறீர்கள். தாராளமாக ஆடலாம். எமுலேட்டரில் (பழைய விளையாட்டுகளைக் கணினியில் ஓட்டும் மென்பொருள்) திறந்து பார்த்துவிட்டு, எழுத்துகள் வரிசையாக ஓடுவதைக் கண்டு மிரண்டு மூடி வைத்திருப்பீர்கள் என்று ஊகிக்கிறேன். இதைக் கேட்பவர்களிடமெல்லாம் "முதலில் மொழியைக் கற்றுக்கொண்டு வாருங்கள்" என்று சொல்லி அனுப்புவது சிலருக்கு வழக்கமாகிவிட்டது. அந்த எரிச்சலில்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

டான்ட்-ஆர் 1992-இல் ஜப்பானிய ஆர்கேட்களுக்கு வந்தது. குற்றவாளிகளைத் துரத்தும் இரண்டு துப்பறிவாளர்கள் என்பது கதை. 1990-இல் வெளியான சேகாவின் பொனான்ஸா பிரதர்ஸ் விளையாட்டை ஆடியிருந்தால், அந்த உருண்டைத் தலை பொம்மை முகங்களை உடனே அடையாளம் கண்டுகொள்வீர்கள். கதை பெயருக்குத்தான். உண்மையில் அது சின்னஞ்சிறு விளையாட்டுகளின் தொகுப்பு: ஒன்றுபோல் இருப்பதைத் தேடுவது, பார்த்ததை நினைவில் வைப்பது, பொத்தானை விடாமல் தட்டுவது என்று ஒவ்வொன்றும் சில நொடிகளில் முடிந்துவிடும். நேரம் தீர்ந்தாலோ தவறாகத் தேர்ந்தெடுத்தாலோ உயிர் குறையும்.

இங்கே கடையின் கணக்கையும் பார்க்க வேண்டும். ஆர்கேடில் ஒருவர் நூறு யென் நாணயத்தைப் போட்டுவிட்டு விளக்கவுரை படித்துக்கொண்டிருக்க மாட்டார். அலுவலகம் முடிந்து ரயிலுக்குப் போகும் வழியில் நுழைந்தவர் சில நொடிகளில் புரிந்துகொள்ளாவிட்டால், இரண்டாவது நாணயம் பக்கத்து இயந்திரத்துக்குப் போய்விடும். ஆகவே எதைப் பார்க்க வேண்டும், எதை அழுத்த வேண்டும் என்பதைத் திரையின் அமைப்பே சொல்லும்படி செய்திருக்கிறார்கள். 1996-இல் கொனாமி வெளியிட்ட பிஷி பாஷி சாம்ப், ஆளுக்கு மூன்று வண்ணப் பொத்தான்களோடு நிறுத்திக்கொண்டதும், 2003-இல் நின்டெண்டோவின் மேட் இன் வாரியோ ஒவ்வொரு குட்டி ஆட்டத்துக்கும் ஓரிரு சொல் கட்டளையோடு முடித்துக்கொண்டதும் இதே வழியில்தான்.

இதை நான் உறுதியாகச் சொல்வதற்குக் காரணம் என் தந்தை. திருநெல்வேலிப் பக்கம் ஒரு கூட்டுறவு வங்கியில் எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவர், ஜூன் மாத மழைக்காலத்தில் தோக்கியோவில் எங்கள் வீட்டுக்கு வந்திருந்தார். வெளியே சுற்றிக்காட்ட முடியாத ஒரு மாலையில், நிஷிகசாயில் நாங்கள் இருக்கும் குடியிருப்பிலிருந்து சற்றுத் தொலைவில், பழைய இயந்திரங்களுக்கென்று ஒரு மூலையை ஒதுக்கியிருந்த ஆர்கேடுக்கு அவரை அழைத்துச் சென்றேன். அங்கிருந்த ஆஸ்ட்ரோ சிட்டி என்ற சேகாவின் வெள்ளை ஆர்கேட் பெட்டிகள் உயரம் குறைந்தவை. உட்கார்ந்தால் முழங்கால் இடிக்கும். பொத்தான் பலகையின் ஓரத்தில், உள்ளே புகைபிடிக்க அனுமதி இருந்த காலத்தின் சிகரெட் சூட்டுத் தழும்புகள் இருந்தன. இரண்டு நாணயங்களைப் போட்டு இருவருமாக டான்ட்-ஆர் ஆடினோம்.

மேலே காட்டிய உருவத்துக்கு ஒப்பானதைக் கீழே தேட வேண்டிய சுற்று ஒன்று வந்தது. நான் திரையில் இருந்த வாக்கியத்தைப் படித்து அவருக்குத் தமிழில் சொல்லத் தொடங்கினேன். சொல்லி முடிப்பதற்குள் அவர் சரியானதை அழுத்திவிட்டார். அடுத்ததையும் அப்படியே. எப்படி என்று கேட்டதற்கு, காசோலையில் உள்ள கையொப்பத்தை மாதிரிக் கையொப்ப அட்டையோடு ஒப்பிடும்போது முழுக் கையொப்பத்தையும் பார்க்கக் கூடாது, கடைசிச் சுழி எங்கே போய் நிற்கிறது என்பதை மட்டும் பார்க்க வேண்டும் என்றார். இங்கே அவர் பார்த்தது தொப்பியின் விளிம்பையும் மூக்கையும். "இதுக்கு எதுக்குல பாஷை?" என்று கேட்டுவிட்டுத் திரையை விட்டுக் கண்ணை எடுக்காமல் அடுத்த சுற்றுக்குப் போனார். பொத்தானை வேகமாகத் தட்டும் சுற்றுகளில் அவருக்குக் கை ஓடவில்லை என்பதையும் நேர்மையாகச் சொல்லிவிடுகிறேன். அதற்குக் காரணம் மூட்டுவலி, மொழி இல்லை.

ஒரு மனிதரை வைத்துப் பொதுவிதி செய்கிறாயா என்று யாரேனும் கேட்கலாம். எல்லா ஜப்பானிய ஆர்கேட் விளையாட்டுகளுக்கும் இது பொருந்தும் என்று நான் சொல்லவில்லை. கேப்காமின் 1989-ஆம் ஆண்டு அட்வெஞ்சர் குவிஸ் கேப்காம் வேர்ல்ட் போன்ற வினாடி வினா வகைகளில் கேள்வியே புரியாதபோது நாணயம் வீண்தான். டான்ட்-ஆரிலும் இடையிடையே வரும் நகைச்சுவை உங்களுக்குத் தப்பிப்போகும். ஆனால் ஆட்டம் தப்பாது. மொழி தெரிந்தால் எல்லாக் கதவும் திறக்கும் என்று இந்த ஊரில் அறிவுரை சொல்பவர்களுக்கு ஒன்று சொல்லிவிடுகிறேன்: ஜப்பானிய மொழித் திறன் தேர்வெழுதி என்-2 நிலைச் சான்றிதழ் வாங்கி, ஒரு வீட்டுத் தரகு அலுவலகத்தில் அரைமணி நேரம் ஜப்பானிய மொழியிலேயே பேசிய பிறகும், வெளிநாட்டவருக்கு வாடகைக்கு விட உரிமையாளர் விரும்பவில்லை என்று கைகூப்பாத குறையாகச் சொல்லி என்னை அனுப்பினார்கள். அந்தக் கதவு எந்த இலக்கணத்துக்கும் திறக்கவில்லை. கேள்விக்குச் சம்பந்தமில்லாதது, மன்னிக்கவும்.

எதில் ஆடுவது என்றால், 2020 டிசம்பரில் ஜப்பானில் வந்த, அந்தப் பெட்டியின் குட்டி வடிவமான ஆஸ்ட்ரோ சிட்டி மினியில் டான்ட்-ஆரும், மன்னர் காலக் கதையோடு 1994-இல் வெளியான அதன் தொடர்ச்சியான இச்சிடான்ட்-ஆரும், பொனான்ஸா பிரதர்ஸும் சேர்ந்தே இருக்கின்றன. சேகாவின் வீட்டு விளையாட்டுக் கருவியான மெகா டிரைவுக்கு வந்த பதிப்பும் மோசமில்லை. ஆர்கேடில் இந்த விளையாட்டு ஓடிய சி-2 என்ற மின்சுற்றுப் பலகை மெகா டிரைவின் உட்பாகங்களையே பெரும்பாலும் கொண்டது என்பதால், வீட்டுக்கு வந்தபோது அதிகம் இழக்கவில்லை. மினியை வாங்கினால் இரண்டாவது ஆட்டக்காரருக்கான கட்டுப்பாட்டுக் கருவியைத் தனியாக வாங்க வேண்டும். அந்தச் செலவைத் தள்ளிப்போடாதீர்கள். தனியாக ஆடினால் பாதி ஆட்டம்தான். படத்தைத் தொலைக்காட்சியில் போட்டுவிடுங்கள், பெட்டியோடு வரும் திரை உள்ளங்கை அளவுதான். ஒன்றுபோல் இருப்பதைத் தேடும் சுற்றுகளில் கண் வலிக்கும்.