மார்மன் மிஷனரி பசங்க வெளிநாட்டுல ஓசியில ஊர் சுத்துறாங்களா?

"வெள்ளைச் சட்டை, டை, நெஞ்சுல கறுப்பு பேட்ஜ் போட்டுக்கிட்டு ரெண்டு ரெண்டு பேரா வர்றாங்களே மார்மன் பசங்க, அவங்க தினசரி வாழ்க்கை எப்படி இருக்கும், சர்ச் காசுல ஜாலியா நாடு சுத்துறாங்களா"ன்னு கேட்டிருக்கீங்க. நீங்க வெளிநாட்டுல எங்கயோ இருக்கீங்க, சனிக்கிழமை மத்தியானம் தூக்கத்துல பெல் அடிச்சு எழுப்பிட்டாங்க, அந்தக் கடுப்புல கேட்ட கேள்வின்னு நினைக்கிறேன். கடுப்பு நியாயமானதுதான். ஆனா "சர்ச் காசுல"ங்கறதும் தப்பு, "ஜாலியா"ங்கறதும் தப்பு.

முதல்லயே ஒண்ணு சொல்லிடறேன். மார்மன்ங்கறது அமெரிக்காவுல தொடங்கின ஒரு சர்ச், அவங்க மதத்தைப் பரப்ப அனுப்பற ஆளுங்கதான் இந்த மிஷனரிங்க. நான் மார்மன் இல்ல, கிறிஸ்டியனும் இல்ல, எங்க வீட்ல பிள்ளையார்தான். அவங்க நம்பிக்கைக்கு வக்காலத்து வாங்க வரல. "எவ்ளோ வாங்கின"ன்னு கேக்கறவங்க இங்கயே திரும்பிப் போயிடலாம்.

2017-லேருந்து 2019 வரைக்கும் நான் தைவான்ல ஷிஞ்சுங்கற ஊர்ல போஸ்ட்டாக், அதாவது பிஎச்.டி முடிச்சப்புறம் பண்ற ஆராய்ச்சி வேலை, பண்ணிட்டிருந்தேன். அங்க இருக்கிற சிங் ஹுவா யுனிவர்சிட்டி கெமிஸ்ட்ரி லேப்ல நம்மாளுங்க நிறைய பேர் உண்டு. லிஃப்ட் இல்லாத பழைய பில்டிங், மூணாவது மாடில நானும் என் மனைவியும், நாலாவது மாடில இந்த மிஷனரி பசங்க ரெண்டு பேர். ஒருத்தன் ஐடஹோ, இன்னொருத்தன் யூட்டா, ரெண்டும் அமெரிக்க மாநிலம். தைவான்ல குப்பையை ராத்திரியே தெருவுல வச்சிட்டு வர முடியாது, லாரி பாட்டு போட்டுக்கிட்டு வரும், அந்தச் சத்தம் கேட்டதும் தெருவே பையைத் தூக்கிட்டு இறங்கி ஓடும். அந்தக் குப்பை லாரிக்குக் காத்திருக்கிற அஞ்சு பத்து நிமிஷத்துலதான் ஐடஹோ பையன் பழக்கம். பத்தொன்பது வயசு, முகத்துல பரு கூட போகல, பேட்ஜ்ல "எல்டர்", அதாவது பெரியவர்னு போட்டிருக்கும்.

மொதல்ல காசு விஷயம். சர்ச் குடுக்கறதில்ல, பையனோ குடும்பமோதான் கட்டணும். அப்போ அமெரிக்கப் பசங்களுக்கு மாசம் 400 டாலர், 2020 ஜூலைலேருந்து 500 ஆயிடுச்சு. பசங்களுக்கு 24 மாசம், பொண்ணுங்களுக்கு 18 மாசம். 400-ன்னே வச்சாலும் ஒரு பையனுக்கு 9600 டாலர். இவன் ஸ்கூல் படிக்கும்போதே உருளைக்கிழங்கு அறுவடைக்குப் போய் சேத்து வச்ச காசாம், ஐடஹோவுல அதுதான் வேலை. எந்த நாட்டுக்குப் போறோம்னு அவனுக்கே தெரியாது, அப்ளிகேஷன் போட்டா சால்ட் லேக் சிட்டில இருக்கிற தலைமை எந்த ஊர்னு முடிவு பண்ணி அனுப்பும். வயசு வரம்பும் 2012-ல குறைச்சாங்க, பசங்க 19-லேருந்து 18, பொண்ணுங்க 21-லேருந்து 19, 2025-ல அவங்களுக்கும் 18 ஆயிடுச்சு. அதாவது பிளஸ் டூ முடிச்ச கையோட கிளம்பற வயசு. நம்ம வீட்ல அந்த வயசுப் பையனை பக்கத்து ஊர் ஹாஸ்டல்ல விடவே அம்மா மூக்கை உறிஞ்சுவாங்க.

தினசரி ரொட்டீன்னா காலைல ஆறரைக்கு எழுந்திருக்கணும், உடற்பயிற்சி, குளியல், படிப்பு, பாஷைப் படிப்பு, அப்புறம் சைக்கிள எடுத்துட்டு கிளம்பினா ராத்திரி ஒன்பது மணி போல திரும்பி வந்து பத்தரைக்கு லைட் ஆஃப். சினிமா இல்ல, டிவி இல்ல, நீச்சல் கூடாது, பொண்ணுங்களோட பழக்கம் கூடவே கூடாது. வாரத்துல ஒரு நாள், பெரும்பாலும் திங்கள்கிழமை, பி டேன்னு சொல்லுவாங்க, துணி துவைக்க, சாமான் வாங்க, வீட்டுக்கு ஈமெயில் எழுத. அதுவும் சாயங்காலம் வரைக்கும்தான். ஷிஞ்சு காத்துக்குப் பேர் போன ஊர், டிசம்பர்ல அடிக்கிற வடகிழக்குக் காத்துல நான் ஸ்கூட்டர்லயே ஒரு பக்கமா சாஞ்சுதான் போவேன், இவனுங்க அதுல மழைக்கோட்டு போட்டுக்கிட்டு சைக்கிள் மிதிப்பானுங்க.

இதெல்லாம் உடம்புக் கஷ்டம், அந்த வயசுல தாங்கிடலாம். தாங்க முடியாதது என்னன்னு கேட்டா தனியா இருக்கவே முடியாதுங்கறது. கம்பானியன்னு ஒருத்தனைப் போட்டு விட்டுருவாங்க, பாத்ரூம் தவிர இருபத்திநாலு மணி நேரமும் அவன் உங்க கண்ணு முன்னாடி இருக்கணும், நீங்க அவன் கண்ணு முன்னாடி இருக்கணும். யாருன்னு நீங்க தேர்ந்தெடுக்க முடியாது. ஆறு வாரத்துக்கு ஒரு தடவை டிரான்ஸ்ஃபர் வரும், ஆள் மாறலாம், மாறாமலும் போகலாம். பிடிக்காத ரூம்மேட்டோட இருந்தவங்களுக்கு இது புரியும், ஆனா நமக்கு வெளில போய் ஒரு டீ குடிச்சிட்டு வர வழி உண்டு. இவனுங்களுக்கு டீயும் கிடையாது, வெளில போறதுன்னாலும் அவனையும் கூட்டிட்டுதான் போகணும்.

டீன்னதும் ஞாபகம் வருது, தைவான்ல போய் டீ குடிக்க மாட்டேன்னு சொல்றது எவ்ளோ பெரிய வம்புன்னு அங்க இருந்தவங்களுக்குத் தெரியும். காபி, டீ, சாராயம், சிகரெட் எதுவும் அவங்களுக்கு ஆகாது. வீட்டுக்குள்ள கூப்பிட்ட பெரியவர் நல்ல ஊலாங் இலையை எடுத்து, குட்டி குட்டிக் கப்பைக் கொதிதண்ணில கழுவி, ஊத்தி நீட்டுவார், இவன் வேண்டாம்னு சொல்லணும். தடியங்காயை, அதான் வெள்ளைப் பூசணியை, சக்கரை போட்டுக் காய்ச்சி ஒரு பானம் விப்பாங்க, அதுல தேயிலை கிடையாது, அதுதான் இவனுங்களுக்கு உயிர் நாடி.

என் மனைவி விஷயம் ஒண்ணு. ஒரு தடவை தோசை வாத்துட்டு ரெண்டு பேரையும் கூப்பிட்டிருக்கா, நான் லேப்ல இருந்தேன். வாசப்படிலயே நின்னுட்டானுங்க, உள்ள வரவே இல்ல. "நான் என்ன கடிச்சா திங்கப் போறேன்"னு அவளுக்குக் கோவம். அப்புறம்தான் தெரிஞ்சுது, பொம்பளை தனியா இருக்கிற வீட்டுக்குள்ள போகக்கூடாதுன்னு ரூல். மாடிப்படில உக்காந்து, தட்டை முட்டி மேல வச்சு, சட்னி டைல படாம டையைத் தூக்கித் தோள் மேல போட்டுக்கிட்டு தின்னானுங்க. அப்புறம் நான் வீட்ல இருக்கிற பி டேக்குக் கூப்பிடுவோம். பதிலுக்கு அவன் எங்களுக்கு கேஸ் மீட்டர் சீட்டைப் படிச்சுச் சொல்லுவான். கீழ கதவுல ஒட்டிட்டுப் போவாங்க, ரீடிங்கை நாமளே எழுதணும், எல்லாம் சீன எழுத்து. எங்க லேப்ல எல்லாம் இங்கிலீஷ்தான், எனக்கு "எவ்ளோ", "வேண்டாம்" தாண்டி வராது. இவன் யூட்டாவுல ப்ரோவோங்கற ஊர்ல இருக்கிற மிஷனரி ட்ரெய்னிங் சென்டர்ல சில வாரம் ட்ரெய்னிங் எடுத்துட்டு வந்து இறங்கி, தெருவுல திட்டு வாங்கியே பேசக் கத்துக்கிட்டவன்.

இப்போ தோல்விக்கு வரேன். தட்டற கதவுல கிட்டத்தட்ட எல்லாமே மூடும். "நாங்க சாமி கும்பிடறவங்க"ன்னு சொல்லி சிரிச்சுக்கிட்டே மூடுவாங்களாம். அதெல்லாம் அவனுக்குப் பழகிடுச்சு. ஒரு பெரியவர் மட்டும் மாசக்கணக்கா கேட்டு, சர்ச்சுக்கும் வந்து, ஞானஸ்நானத்துக்கு நாள் குறிச்சாச்சு. அவங்க வழக்கத்துல தண்ணி தெளிக்கறது இல்ல, முழுசா முக்கி எடுக்கணும், அதுக்கு சர்ச்சுல ஒரு தொட்டி இருக்கும். அதுல தண்ணி நிரம்பவே ரெண்டு மணி நேரம் ஆகுமாம். இவனும் கம்பானியனும் போய் குழாயைத் திறந்துட்டு, வழிஞ்சிடக் கூடாதுன்னு பக்கத்துலயே உக்காந்து, வெள்ளைத் துணியெல்லாம் எடுத்து வச்சிட்டுப் பாத்துக்கிட்டு இருக்கானுங்க, பெரியவரோட மகன் ஃபோன் பண்றான். அப்பா வரமாட்டார், எங்க தாத்தா பாட்டிக்கு இனிமே யார் ஊதுபத்தி ஏத்துவா, நீ ரெண்டு வருஷத்துல உங்க ஊருக்குப் போயிடுவ, நாங்கதான இங்க இருக்கணும்னு கேட்டானாம். குப்பைப் பையைப் பிடிச்சுக்கிட்டு அன்னிக்கு ராத்திரி ஐடஹோ பையன் இதைச் சொன்னான். உண்மையைச் சொல்லணும்னா எனக்கு அந்த மகன் பக்கம்தான் நியாயம்னு பட்டுது, எங்கப்பாவுக்குத் திதி குடுக்கறவன் நான். ஆனா அதை அவன்கிட்ட சொல்லல. அவன் வருத்தப்பட்டது ஆள் போச்சேன்னு கூட இல்ல, வாரா வாரம் மேல ரிப்போர்ட் குடுக்கணும், அந்த வார நம்பரை என்னன்னு எழுதறதுன்னு.

இந்தக் கஷ்டத்தையெல்லாம் வீட்டுக்கும் எழுத முடியாது. 2019 பிப்ரவரிலதான் வாரா வாரம் ஃபோன் பேசலாம்னு மாத்தினாங்க. அதுக்கு முன்னாடி வருஷத்துக்கு ரெண்டே தடவை, கிறிஸ்துமஸ், அன்னையர் தினம். மத்தபடி ஈமெயில்தான். அந்த ஈமெயிலை அவங்கம்மா சொந்தக்காரங்க, சர்ச்காரங்க எல்லாருக்கும் ஃபார்வர்ட் பண்ணிடுவாங்களாம். அப்போ பையன் என்ன எழுதுவான்? எல்லாம் சூப்பர், இந்த வாரம் அருமையான வாரம், பாருங்க ஃபோட்டோன்னுதான்.

யூட்டா பையன் அப்படி சூப்பர் சூப்பர்னு எழுதிட்டிருந்தவன்தான். குளிர்காலத்துல அவன் சாப்பாட்டை நிறுத்திட்டான். காலைல ஷூவை மாட்டுவான், லேஸ் கட்ட மாட்டான், மாடிப்படில அப்படியே உக்காந்திருப்பான். அவனைத் தனியா விடக்கூடாதுங்கறதால ஐடஹோ பையனும் வெளில போக முடியாம கூடவே உக்காந்திருப்பான். கடைசில பாதிலயே ஊருக்கு அனுப்பிட்டாங்க. நல்லதுக்குத்தான். ஆனா அவங்க ஊர்ல பையன் மிஷன் முடிச்சிட்டு வந்தா ஏர்போர்ட்லயே பேனர், பலூன் எல்லாம், பாதில வந்தவனுக்கு "ஏன் வந்துட்ட"ங்கற பார்வை. ஐடஹோ பையனுக்கோ, தன்னாலதான் அவன் போனான்னு மத்தவங்க நினைப்பாங்களோன்னு பயம். அடுத்த டிரான்ஸ்ஃபர்ல அவனும் வேற ஊருக்குப் போயிட்டான்.

எனக்கு ஏன் இவ்ளோ வலிக்குதுன்னா நானும் கதவு தட்டினவன். எம்.எஸ்சி முடிச்சு வேலை இல்லாம கோயம்புத்தூர்ல வீடு வீடா வாட்டர் ஃபில்டர் வித்திருக்கேன். தண்ணி கூட குடுக்காம கதவைச் சாத்துவாங்க, ஃபில்டர் விக்க வந்தவனுக்கு! அந்தக் கம்பெனி எனக்குக் கடைசி மாசக் கமிஷனை இன்னும் குடுக்கல. "டெமோ பீஸ்ல கீறல் இருக்கு"ன்னு பிடிச்சுட்டான் அந்த மேனேஜர். கீறல் நான் வாங்கும்போதே இருந்துச்சு சார். பேப்பர்ல விளம்பரம் போட்டு "மாதம் 15,000 உறுதி"ன்னு கூப்பிட்டு, சம்பளமே இல்லாம கமிஷன்ல ஓட்டற இந்த மாதிரி ஆளுங்களை எவனும் ஒண்ணும் கேக்கறதில்ல. சரி, அது வேற கதை.

மதமாற்றம் சரியா தப்பான்னு சண்டை போட வேற கேள்வி இருக்கு, அங்க போங்க. உங்க வீட்டுக்கு வர்றவங்களுக்கு என்ன பண்ணலாம்னா, வெயில்ல வந்தா தண்ணியோ மோரோ குடுங்க, டீ காபி நீட்டாதீங்க. கேக்க விருப்பம் இல்லன்னா மூஞ்சிக்கு நேரா வேண்டாம்னு ஒரு தடவை சொல்லிடுங்க, அவங்க அதைப் பெருசா எடுத்துக்க மாட்டாங்க. பாவம் பாத்து "அடுத்த வாரம் வாங்க பேசலாம்"னு மட்டும் சொல்லிடாதீங்க, டைரில உங்க பேரை எழுதிக்கிட்டு, பஸ்ஸுக்குக் காசு இருந்தாலும் இல்லாட்டியும் சைக்கிள்ல நிஜமாவே வந்து நிப்பானுங்க.