இத்தனை கருவிகள் இருந்தும் விமானம் கிளம்பியவுடனே வழி தவறுவது எப்படி?

ஜிபிஎஸ் இருக்கிறது, ஆட்டோபைலட் இருக்கிறது, கீழே ரேடாரில் ஒருவர் பார்த்துக்கொண்டே இருக்கிறார். அப்படியும் சில விமானங்கள் தரையை விட்டதும் தப்பான பக்கம் திரும்புகின்றனவே, எப்படி என்று கேட்டிருக்கிறீர்கள். பயணிகள் விமானங்களில் கோ-பைலட்டாகவும் பிறகு கேப்டனாகவும் பறந்தவன் என்ற முறையில் சொல்கிறேன். நாம் கொடுத்த பாதையைக் கம்ப்யூட்டர் அச்சுப் பிசகாமல் பறக்கும். தப்பான பாதையைக் கொடுத்தாலும் அப்படியேதான் பறக்கும்.

எனக்கே நடந்த ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். போயிங் 737. கேப்டன் ஓட்டுகிறார், ரேடியோ என் கையில். கிளம்பும் விமானங்களுக்கு ஒவ்வொரு ரன்வேயிலிருந்தும் முன்கூட்டியே வரைந்து வைத்த வழி உண்டு, எஸ்.ஐ.டி. என்போம். எங்களுடையது ரன்வே தாண்டிச் சில மைலில் இடப்பக்கம் திரும்பும். நிறுத்துமிடத்திலேயே அதைக் கம்ப்யூட்டரில் ஏற்றி, அச்சிட்ட வரைபடமான சார்ட்டோடு ஒப்பிட்டு, எல்நேவ் என்ற வழிகாட்டும் நிலையையும் தயாராக வைத்துவிட்டோம். 50 அடி ஏறியதும் அது தானே பாதையைப் பிடித்துக்கொள்ளும். ரன்வேக்குள் நுழையும் நேரத்தில் கன்ட்ரோலர் மாற்றிச் சொன்னார்: திரும்ப வேண்டாம், ரன்வே ஹெட்டிங்கிலேயே, அதாவது ரன்வே நோக்கும் திசையிலேயே, நேராக ஏறுங்கள். நான் ஒரு சொல் விடாமல் திருப்பிச் சொன்னேன். கேப்டனும் தலையாட்டினார். எல்நேவை அணைக்க மட்டும் இருவர் கையும் போகவில்லை.

கிளம்பினோம். சக்கரங்கள் உள்ளே போயின, கிளம்புவதற்காக இறக்கையின் பின்விளிம்பில் நீட்டி வைத்திருந்த ஃப்ளாப்பை ஏற்றிக்கொண்டிருந்தேன். எதிரே இருந்த திரை இடப்பக்கம் திரும்பச் சொன்னது, கேப்டன் அதன்படியே சாய்த்தார். எனக்கும் ஒன்றும் உறுத்தவில்லை, ஏனென்றால் அரை மணி நேரமாக நாங்கள் மனதில் ஓட்டிப் பார்த்த திருப்பம் அது. கன்ட்ரோலர் எங்கள் ஹெட்டிங்கைக் கேட்ட பிறகுதான் உறைத்தது. இணை ரன்வேயிலிருந்து இன்னொரு விமானம் அதே பக்கம் ஏறிக்கொண்டிருந்தது. கேப்டன் உடனே திருப்பிவிட்டார், நெருங்கவில்லை. இறங்கியதும் அறிக்கை எழுதிக் கொடுத்தோம். புரிந்துகொண்டு, என் வாயாலேயே திருப்பிச் சொன்ன ஒன்றை நான் செய்யாமல் விட்டதை வெகுநாள் என்னால் ஏற்க முடியவில்லை.

எனக்கு நடந்ததற்கு நேர் எதிரானது கொரியன் ஏர்லைன்ஸ் 007. 1983-இல் ஆங்கரேஜிலிருந்து கிளம்பிய சில நிமிடங்களிலேயே அது பாதையை விட்டு விலகத் தொடங்கியது. ஆட்டோபைலட் வழிகாட்டும் கருவியோடு சேராமல் ஒரே ஹெட்டிங்கைப் பிடித்துக்கொண்டு பறந்தது. குழுவினர் அதைக் கவனிக்கவில்லை. முதலில் சில மைல் விலகல்தான். மணிக்கணக்கில் அது வளர்ந்து சோவியத் வான்வெளிக்குள் கொண்டுபோய்விட்டது. சுட்டு வீழ்த்தப்பட்டதில் 269 பேர் இறந்தார்கள்.

அப்புறம், எண்கள். 2015 மார்ச்சில் சிட்னியிலிருந்து கோலாலம்பூர் போக வேண்டிய ஏர்ஏசியா எக்ஸ் ஏ330 விமானத்தில், நிற்கும் இடத்தின் தீர்க்கரேகையைக் கையால் தட்டினார்கள். 15109.8 (151 டிகிரி 9.8 நிமிடம்) என்பதற்குப் பதிலாக 01519.8 (15 டிகிரி 19.8 நிமிடம்). விமானம் தான் கேப் டவுன் அருகே, ஏறத்தாழ 11,000 கிலோமீட்டர் தள்ளி இருப்பதாக நம்பியது. கிளம்பும் முன்பே சில எச்சரிக்கைகள் வந்தன, அவற்றின் பொருள் பிடிபடவில்லை. ஆட்டோபைலட்டைப் போட்டதும் இடப்பக்கம் திரும்பி, பக்கத்து ரன்வேயின் புறப்பாட்டுப் பாதையைக் குறுக்கே கடந்தது. கடைசியில் மெல்போர்னில் இறங்கினார்கள்.

இன்னும் வலிப்பது பிரேசிலின் வாரிக் 254, 1989 செப்டம்பர். மராபாவிலிருந்து பெலேமுக்கு ஒரு மணி நேரம்கூட ஆகாத பயணம். பறப்புத் திட்டத்தாளில் 0270 என்று அச்சாகியிருந்தது, 027.0 டிகிரி, கிட்டத்தட்ட வடக்கு என்று பொருள். கேப்டன் அதை 270 என்று படித்து மேற்கே வைத்தார். வெளியே சுற்றிப் பார்த்துவிட்டு வந்த கோ-பைலட் தாளைப் பார்க்காமல் கேப்டனின் கருவியைப் பார்த்துத் தன்னுடையதையும் அப்படியே வைத்தார். இரண்டாவது ஆளை உட்கார வைத்திருப்பதே தனியாகச் சரிபார்க்கத்தான். அந்தச் சரிபார்ப்பு அங்கே நடக்கவே இல்லை. வடக்கே போக வேண்டிய விமானம் மாலைச் சூரியனை நோக்கிப் போய், எரிபொருள் தீர்ந்து, இரவில் அமேசான் காட்டில் இறங்கியது. 54 பேரில் 12 பேர் உயிர் பிழைக்கவில்லை.

தரையில் இருக்கும்போதே வழி தவறுவதும் உண்டு. 2006 ஆகஸ்ட் 27, அமெரிக்காவின் லெக்சிங்டன். விடிவதற்கு முந்தைய இருட்டில் காம்ஏர் 5191 ரன்வே 22-க்குப் பதிலாக 26-இல் ஏறியது. 22-இன் நீளம் சுமார் 7,000 அடி, 26 வெறும் 3,500 அடி. விளக்கில்லாமல் விசித்திரமாக இருக்கிறதே என்று ஓடும்போதே கோ-பைலட் சொன்னார், கேப்டன் ஆமாம் என்றார், ஆனாலும் நிறுத்தவில்லை. 50 பேரில் கோ-பைலட் மட்டுமே பிழைத்தார். ரன்வேயின் எண் என்பதே அதன் திசைதான்: 22 என்றால் ஏறத்தாழ 220 டிகிரி, 26 என்றால் 260. திசைகாட்டியை ஒரு முறை பார்த்திருந்தால் 40 டிகிரி வித்தியாசம் கண்ணில் பட்டிருக்கும். அனுமதி கொடுத்த கன்ட்ரோலர் அங்கே ஒரே ஆள். அதற்குள் வேறு வேலைக்குத் திரும்பிவிட்டார். கீழே ஒருவர் பார்த்துக்கொண்டே இருக்கிறார் என்று நீங்கள் சொன்னதை எப்போதும் நம்பியிருக்க முடியாது என்பது இதனால்தான்.

கிளம்பும் நேரம் ஏன் இவ்வளவு மோசம் என்றால், அவகாசமே கிடையாது. 250 நாட் வேகத்தில், அதாவது மணிக்கு 250 நாட்டிக்கல் மைல் வேகத்தில், 15 வினாடிக்கு 1 நாட்டிக்கல் மைல் (சுமார் 1.85 கிலோமீட்டர்) போய்விடும். பல எஸ்.ஐ.டி.களில் நாங்கள் பாதையிலிருந்து விலகக்கூடிய அளவே அந்த 1 மைல்தான். அதே நேரத்தில் சக்கரம், ஃப்ளாப், ரேடியோ அலைவரிசை எல்லாம் மாற்ற வேண்டும். அட்லாண்டா போன்ற அமெரிக்க விமான நிலையங்களில் ஒரு நல்ல வழக்கம் உண்டு: டேக்-ஆஃப் அனுமதியோடு முதல் வேபாயின்ட்டின், அதாவது பாதையில் பெயரிட்டுக் குறித்த முதல் புள்ளியின், பெயரையும் சொல்வார்கள். திரையில் அந்தப் பெயர் இல்லையென்றால் விமானி அங்கேயே விழித்துக்கொள்வார்.

அந்த நாளுக்குப் பிறகு நான் இரண்டு பழக்கங்களை விட்டதில்லை. ரன்வேயில் நேராக நின்றதும் எண், திசைகாட்டி, திரையில் முதல் திருப்பம் மூன்றையும் வாய்விட்டுச் சொல்வேன். கடைசி நேரத்தில் ரன்வேயோ வழியோ மாறினால், ஓட்டிக்கொண்டே தட்ட மாட்டேன். விமானத்தை நிறுத்தி, பார்க்கிங் பிரேக் போட்டு, இரண்டு நிமிடம் வேண்டும் என்று கேட்பேன். பின்னால் வரிசையில் நிற்பவர்களுக்கு எரிச்சல்தான். ஆனாலும் கேட்பேன். கன்ட்ரோலர்கள் இதுவரை ஒரு முறைகூட மறுத்ததில்லை.