குட்டி மலைப்பாம்பு கைக்கு எப்போது பழகும்?

கேள்வி: நான்கு மாதக் குட்டி பால் பைத்தான் (ball python, அதாவது ‘பந்து மலைப்பாம்பு’) வாங்கிப் பத்து நாளாகிறது. கையில் எடுத்தாலே தலையை உள்ளே இழுத்துப் பந்தாகச் சுருண்டுகொள்கிறது. நேற்று சீறிக்கொண்டு கொத்தவும் வந்தது. இரண்டு முறை இரை வைத்தும் தொடவில்லை. “தினமும் ஒரு மணி நேரம் கையிலேயே வைத்திருங்கள், தானாகப் பழகிவிடும். பயமாக இருந்தால் தடித்த கையுறை போட்டுக்கொள்ளுங்கள்” என்கிறார் விற்றவர். அப்படியே செய்யலாமா?

பதில்: செய்யாதீர்கள். கையில் எடுப்பதை இன்றோடு நிறுத்துங்கள். பந்தாகச் சுருள்வது இந்த இனம் பயத்தில் செய்வது, அதனால்தான் அதற்கு அந்தப் பெயரே. பயந்து கிடப்பதை ஒரு மணி நேரம் பிடித்து வைத்திருந்தால் அது பழகாது, ஓய்ந்து போகும். வெளியிலிருந்து பார்க்க இரண்டும் ஒன்றுபோல இருக்கும், அவ்வளவுதான். வாங்கிய அன்று சாதுவாக இருந்ததே என்று நினைப்பீர்கள். குளிர்ந்த பெட்டியில் வந்த பாம்பு எதுவும் அசையாமல்தான் கிடக்கும். அதைக் காட்டி ‘நன்றாகப் பழகியது’ என்று விற்பவர்களை நிறையப் பார்த்துவிட்டேன்.

முதலில் அது சாப்பிட வேண்டும். தொட்டியின் ஒரு பக்கம் 31, 32 டிகிரி செல்சியஸ், மறுபக்கம் 26 டிகிரி அளவில் இருக்கட்டும். இரண்டு பக்கமும் உடம்பு சுவரில் உரசும்படி இறுக்கமான மறைவிடம் வையுங்கள். தண்ணீர் மாற்றுவது தவிரக் கை உள்ளே போகக் கூடாது. வாரம் ஒரு முறை இரை. தொடர்ந்து மூன்று முறை தின்று, கக்காமல் செரித்த பிறகு கையில் எடுப்பதைப் பற்றி யோசிக்கலாம். ஒரு மாதம் தாண்டியும் தொடவில்லை, எடையும் குறைகிறது என்றால் ஊர்வன பார்க்கும் மருத்துவரிடம் போங்கள்.

இன்னொன்று, அது எங்கே பிறந்தது என்று கேட்டீர்களா? மேற்கு ஆப்பிரிக்காவின் டோகோ, பெனின், கானாவிலிருந்து பல பத்தாண்டுகளாக இந்தக் குட்டிகள் ஏற்றுமதியாகின்றன. சினைப் பாம்புகளையும் முட்டைகளையும் காட்டிலிருந்து கொண்டுவந்து, பண்ணையில் பொரிக்க வைத்து அனுப்புவார்கள். காட்டுயிர்களை நாடு விட்டு நாடு விற்பதைக் கட்டுப்படுத்த 1975 முதல் நடைமுறையில் இருக்கும் சைட்டிஸ் (CITES) ஒப்பந்தம் இதற்குத் தனிக் குறியீடே வைத்திருக்கிறது. வளர்ப்பிலேயே இனப்பெருக்கம் செய்து பிறந்தது ‘சி’, இப்படி வந்தது ‘ஆர்’. ஆனால் அந்த ஒற்றை எழுத்து ஏற்றுமதிச் சீட்டோடு நின்றுவிடுகிறது. நாலு கை மாறி உங்களிடம் வரும்போது எல்லாமே ‘வளர்ப்பில் பிறந்தது’ ஆகிவிடும். இத்தனை ஆண்டுகளில் ஓர் எழுத்தைக் கடைசிக் கைவரை கொண்டுவர முடியவில்லை என்றால் அந்தக் காகிதம் யாருக்காக? பொரித்த தேதியையும் இரை தின்ற குறிப்பையும் கேளுங்கள். மழுப்பினால், குட்டியின் எச்சத்தைக் கொடுத்துக் குடற்புழுப் பரிசோதனை செய்யுங்கள். கண்ணைச் சுற்றியும் தாடைக்கு அடியிலும் உண்ணி இருக்கிறதா என்று பாருங்கள். புழுவும் உண்ணியும் உள்ள பாம்பு எந்தக் கைக்கும் பழகாது.

சரி, சாப்பிட ஆரம்பித்துவிட்டது. இரை தின்று 48 மணி நேரம் கழித்து, கையை நன்றாகக் கழுவிவிட்டு, பக்கவாட்டில் போங்கள். மேலிருந்து இறங்கும் கை அதற்குப் பருந்து. முன்னாலிருந்து வரும் கையோ எலி, ஏனென்றால் மேலுதட்டில் வரிசையாக இருக்கும் குழிகளால் அது உங்கள் விரலின் சூட்டை உணர்கிறது. சுருட்டிய காகிதத்தால் நடு உடம்பை மெல்லத் தொடுங்கள். இரை அப்படித் தொடாது என்பதைச் சில வாரங்களில் கற்றுக்கொள்ளும். தலை விலகியதும் உடம்பின் நடுவில் இரண்டு கைகளையும் கொடுத்துத் தூக்குங்கள். இறுக்காதீர்கள், ஊர விடுங்கள். முதலில் ஐந்து நிமிடம், வாரம் இரண்டு முறை போதும். நாக்கை நிதானமாக நீட்டி நீட்டி ஊர்ந்தால் நல்லது. கழுத்தை வளைத்துப் பின்னுக்கு இழுத்தால் மெதுவாகத் தொட்டிக்குள் விட்டுவிடுங்கள். கையுறை வேண்டாம். எவ்வளவு அழுத்துகிறோம் என்பதே அதில் தெரியாது. அப்புறம் கையைச் சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும், சால்மோனெல்லா கிருமி பாம்பின் உடம்பில் சாதாரணமாக இருக்கும்.

சட்டை உரிக்கும் காலத்தில் மட்டும் எதுவும் கிடையாது. பாம்புக்கு இமை இல்லை, கண்மேல் ஒரு கண்ணாடிச் செதில்தான். பழைய தோலுக்கும் புதுத் தோலுக்கும் இடையே திரவம் சுரக்கும்போது அது பால் கலந்த நீலமாக மங்கும். வயிறு இளஞ்சிவப்பாகும். பார்வை சரியாக இல்லாததால் சாதுவான பாம்பும் அப்போது கொத்த வரும். சில நாளில் கண் தெளிந்துவிடும், இங்கேதான் பலரும் ஏமாறுகிறார்கள். தெளிந்தது உரிந்ததாகாது. அதற்குப் பிறகும் சில நாள் கழித்துத்தான் சட்டை கழலும். அதுவரை தொட்டியில் ஈரப்பதம் கூட்டி வையுங்கள். உரிந்த சட்டையை எடுத்து வெளிச்சத்தில் பிடித்து, இரண்டு கண் செதில்களும் வந்திருக்கின்றனவா என்று பாருங்கள். ஒன்று ஒட்டியிருந்தாலும் நகத்தால் பிய்க்காமல் மருத்துவரிடம் காட்டுங்கள். இரண்டும் வந்துவிட்டால், மறுநாளிலிருந்து மறுபடி ஐந்து நிமிடம்.