இரண்டாவது எண்ணிக்கையில் என்ன நடந்தது? இலங்கையின் 2024 ஜனாதிபதித் தேர்தல் – கேள்வி பதில்

2024 செப்டம்பர் 21 தேர்தலில் எவரும் செல்லுபடியான வாக்குகளில் பாதியைத் தாண்டவில்லை. 1982 தொடக்கம் நடந்த 9 ஜனாதிபதித் தேர்தல்களில் விருப்பு வாக்குகள் (சீட்டில் 2, 3 என்று இட்ட அடுத்த தெரிவுகள்) எண்ணப்பட்டது இதுவே முதல் தடவை. அது கிளப்பிய சந்தேகமும் கோபமும் உங்கள் கேள்விகளில் நன்றாகவே தெரிகிறது. வாக்கெண்ணும் முறை, சட்டம், கணக்கு ஆகிய மூன்றுக்குள் வரும் கேள்விகளுக்குப் பதில் தருகிறேன். எந்த வேட்பாளர் நல்லவர் என்று கேட்டவர்கள் பொறுத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி (சுன்னாகம்): 42 வீதம் எடுத்தவர் எப்படி ஜனாதிபதி? மிச்சம் 58 வீதமும் வேண்டாம் எண்டுதானே சொல்லியிருக்கினம்?

செல்லுபடியான வாக்குகள் 13,319,616. அநுர குமார திசாநாயக்க 5,634,915 (42.31 வீதம்), சஜித் பிரேமதாச 4,363,035 (32.76), ரணில் விக்கிரமசிங்க 2,299,767 (17.27). யாருக்கும் பாதிக்கு மேல் இல்லை என்றால் என்ன செய்வது என்பதை அரசியலமைப்பின் 94ஆவது உறுப்புரை சொல்கிறது. பிரான்சில் போல மக்களை இன்னொரு நாள் வரிசையில் நிறுத்துவதில்லை. அதே வாக்குச்சீட்டையே மறுபடி எடுத்துப் பார்ப்பார்கள்.

முதல் இருவர் தவிர மற்ற எல்லாரும் வெளியேற்றப்படுவர். அந்த இருவருக்கும் விழுந்த சீட்டுகளை எவரும் தொடுவதில்லை. வெளியேறியவர்களின் சீட்டுகள் மட்டும் ஒவ்வொன்றாகப் பார்க்கப்படும். 2 என்ற இலக்கம் திசைகாட்டிக்கோ (அநுரவின் சின்னம்) தொலைபேசிக்கோ (சஜித்தின் சின்னம்) நேரே இருந்தால் அவருக்குச் சேரும். 2 வெளியேறிய இன்னொருவருக்கு இருந்தால் 3ஐப் பார்ப்பார்கள். அதுவும் இல்லை என்றால் அந்தச் சீட்டின் வேலை அங்கே முடிந்தது. இப்படி அநுரவுக்கு 105,264, சஜித்துக்கு 167,867 சேர்ந்தன. இறுதிக் கணக்கு 5,740,179க்கு 4,530,902. இந்தக் கட்டத்தில் இருவரில் கூடுதலாக எடுத்தவர் வென்றவர்; முதல் எண்ணிக்கையின் பாதியை அவர் எட்டவேண்டும் என்று சட்டம் கேட்கவில்லை.

58 வீதமும் "வேண்டாம்" என்று சொன்னதாக எடுக்க முடியாது. அவர்கள் வேறு ஒருவரை முதலில் விரும்பினார்கள் என்பது மட்டுமே சீட்டில் இருக்கிறது.

ஒரு எச்சரிக்கை, இன்னும் பல தடவை சொல்லவேண்டி வரும்: வீதம் எப்போதும் செல்லுபடியான வாக்கில்தான். பதிவு செய்த வாக்காளர் தொகையால் பிரித்துப் படம் போட்டுப் பரப்பாதீர்கள்.

கேள்வி (களுவாஞ்சிக்குடி): ராத்திரி டிவியில 53 வீதம் காட்டினாங்க. விடிஞ்சு பார்த்தா குறைஞ்சு போச்சு. எங்கயோ கை வெச்சிருக்காங்க.

முடிவுகள் எண்ணி முடியும் ஒழுங்கில் வெளிவரும். முதலில் வருபவை தபால் மூல வாக்குகள். அரச ஊழியர், பொலிஸ், படையினரின் வாக்குகள் அவை. இந்த முறை அவர்களிடம் திசைகாட்டிக்கு ஆதரவு கூட. சஜித் வலுவாக இருந்த தொகுதிகள் சேரச் சேர வீதம் இறங்கியது. வடக்கு, கிழக்கின் 5 தேர்தல் மாவட்டங்களிலும் முதலிடம் சஜித்துக்குத்தான். அந்தப் பெட்டிகள் கணக்கில் ஏறும்போது திசைகாட்டியின் வீதம் ஏறாது.

முதல் 10 இலட்சம் வாக்கை வைத்து நாட்டைக் கணிக்கவேண்டாம். அன்றிரவு பட்டாசு வாங்கியவரும், விடிய மோசடி என்று எழுதியவரும் பார்த்தது ஒரே இலக்கத்தைத்தான்.

கேள்வி (கொழும்பு 6): நிராகரிக்கப்பட்ட வாக்கு சரியாக 300,300. இப்படி ஓர் எண் தானாக வருமா?

வரும். 22 தேர்தல் மாவட்டங்களின் தொகையைக் கூட்டினால் வருகிற எண் அது. மாவட்ட அறிக்கைகள் பகிரங்கமானவை, நீங்களே கூட்டிப் பார்க்கலாம். வாக்கெண்ணும் நிலையத்தில் வேட்பாளர்களின் முகவர்களும் இருக்கிறார்கள்.

எனக்குக் கவலை தருவது வேறு விஷயம். 2019இல் நிராகரிக்கப்பட்டவை 135,452. ஐந்து வருடத்தில் இரண்டு மடங்குக்கு மேல். நீளமான சீட்டு, வெறுப்பில் வேண்டுமென்றே கெடுத்த சீட்டு ஆகியவற்றோடு இன்னொரு காரணத்தையும் நான் சேர்ப்பேன்: பாராளுமன்றத் தேர்தல் பழக்கம். அங்கே கட்சிக்கு ஒரு புள்ளடி (X), அதே கட்சியின் வேட்பாளர் இலக்கங்களில் மூன்று வரை புள்ளடி. மூன்றுக்கும் சம மதிப்பு. அந்தக் கைப்பழக்கத்தோடு ஜனாதிபதிச் சீட்டில் மூன்று சின்னங்களுக்குப் புள்ளடி போட்டால் சீட்டு குப்பைக்குத்தான்.

கேள்வி (ஹட்டன்): சார், அப்ப சரியா எப்படிப் போடணும்? எங்க லயத்துல ஆளுக்கொரு மாதிரி சொல்றாங்க.

ஒருவர் மட்டும் போதும் என்றால் அவர் சின்னத்துக்கு நேரே உள்ள கட்டத்தில் ஒரு புள்ளடி, அல்லது 1. வரிசை காட்ட விரும்பினால் 1, 2, 3 என்று இலக்கம் போடுங்கள். 1, 2 மட்டும் போட்டு நிறுத்தினாலும் செல்லும்.

எது செல்லாது? இரண்டு பேருக்குப் புள்ளடி. இரண்டு பேருக்கு 1. 1 இல்லாமல் வெறும் 2 அல்லது 3. பெயர், கையொப்பம், உங்களை அடையாளம் காட்டும் எந்தக் குறியும். வெறுஞ்சீட்டு. புள்ளடியையும் இலக்கத்தையும் ஒரே சீட்டில் கலக்கவே வேண்டாம். வீட்டில் வயதானவர்களுக்கு ஒரு தாளில் எழுதிக் காட்டுங்கள். வாயால் சொன்னால் பதிவதில்லை.

கேள்வி (நீர்கொழும்பு): 42 வீதத்தோடு பதவி ஏற்பது ஜனநாயகமா?

முதல் பதிலைப் பாருங்கள்.

கேள்வி (வவுனியா): சங்குக்குப் போட்ட 226,343 வாக்கும் வீண்தானே? அவ்வளவு பேரும் தொலைபேசிக்கு 2 போட்டிருந்தால் முடிவு மாறியிருக்கும்.

மாறியிருக்காது. முதல் எண்ணிக்கையில் இடைவெளி 1,271,880. சங்குச் சின்னத்தில் நின்ற தமிழ்ப் பொது வேட்பாளர் பா. அரியநேத்திரனின் வாக்கு முழுவதும், ஒன்றுகூடச் சிந்தாமல், சஜித்துக்குப் போயிருந்தாலும் அவர் இன்னும் 10 இலட்சத்துக்கு மேல் பின்தங்கியே இருந்திருப்பார்.

(வவுனியா, மறுபடி): அப்ப எல்லாரும் 2 போட்டிருந்தால்?

இதுதான் நல்ல கேள்வி. வெளியேறியவர்களின் வாக்கு மொத்தம் 3,321,666. அதில் முதல் இருவரில் ஒருவருக்குப் போய்ச் சேர்ந்தவை 273,131, அதாவது 8.2 வீதம். மிச்சம் 30 இலட்சத்துக்கும் மேற்பட்ட சீட்டுகள் இரண்டாவது எண்ணிக்கையில் எதுவும் பேசவில்லை.

அந்த 33 இலட்சமும் பேசியிருந்தால், சஜித் வெல்வதற்கு 2,296,774 தேவைப்பட்டிருக்கும். 69 வீதத்துக்குச் சற்று மேல். உண்மையில் பேசிய சீட்டுகளில் அவருக்குக் கிடைத்தது 61.5 வீதம். அதே விகிதத்தில் அத்தனையும் பிரிந்திருந்தாலும் ஏறத்தாழ 5 இலட்சத்துப் 10 ஆயிரத்தால் அநுரவே வென்றிருப்பார். இலக்கம் போட்டவர்களும் போடாதவர்களும் ஒரே மனநிலைக்காரர் என்று சொல்ல முடியாது, ஆகவே இது தீர்ப்பு அல்ல. வெளியேறிய வாக்கில் 69 வீதம் ரணிலின் எரிவாயு உருளைக்கு விழுந்தது. தேர்தலைத் திருப்பும் பலம் எங்காவது இருந்திருந்தால் அங்கேதான், சங்கில் அல்ல.

(திருநெல்வேலி, இடையில்): அண்ணை, கணக்கு விளங்குது. ஆனால் சங்குக்குப் போட்டது வெல்ல இல்லை, நாங்கள் இருக்கிறம் எண்டு காட்ட. அதை வீண் எண்டு சொல்லாதேங்கோ.

வீண் என்று நான் சொல்லவில்லை. யாழ் மாவட்டத்தில் சஜித் 121,177, அரியநேத்திரன் 116,688. தமிழரசுக் கட்சி சஜித்தை ஆதரிக்கத் தீர்மானித்த பிறகும் இவ்வளவு நெருக்கம். அந்தச் செய்தி எல்லாருக்கும் கேட்டது. என் குறை ஒன்றே: 1ஐச் சங்குக்குப் போட்டுவிட்டு 2ஐயும் போட்டிருக்கலாம். 2 போட்டால் 1 பலம் இழக்காது. முதல் எண்ணிக்கையில் அது முழு வாக்கு. சங்கு வெளியேறிய பிறகுதான் 2ஐத் தேடுவார்கள். இரண்டையும் சொல்ல இடம் தரும் சீட்டில் ஒன்றைச் சொல்லி நிறுத்துவது இழப்பு.

(வவுனியா): 2005இல் புலிகளின் தேர்தல் பகிஷ்கரிப்பிலும் இதே கதைதான்.

இல்லை, அதன் கணக்கு வேறு. 2005 நவம்பர் 17இல் மகிந்த ராஜபக்ச 4,887,152 (50.29), ரணில் 4,706,366 (48.43). யாழ் மாவட்டத்தில் வாக்களிப்பு 1.21 வீதம். மகிந்தவுக்கு எதிராக இன்னும் 57,265 செல்லுபடியான வாக்கு விழுந்திருந்தால் அவர் பாதியைத் தாண்டியிருக்க மாட்டார். இரண்டாவது எண்ணிக்கை அன்றே நடந்திருக்கும். ரணில் நேரடியாக முந்த 180,786க்கு மேல் வேண்டும். யாழ் பட்டியலில் 7 இலட்சத்துக்கு மேல் பெயர் இருந்தது உண்மை. ஆனால் இடம்பெயர்ந்தவர், நாட்டைவிட்டுப் போனவர் பெயர்களும் அதில் இருந்தன. 7 இலட்சத்தை உயிருள்ள வாக்காக எடுத்து வாதாடாதீர்கள். அப்படி எடுக்காவிட்டாலும் 57,265 என்ற எண் சிறியது. 2005ஐ 2024ஓடு ஒப்பிட்டால் இரண்டும் பிழையாக விளங்கும்.

(திருநெல்வேலி): 2005இல வோட்டுப் போடப் போகவே ஏலாத நிலைமை எண்டதையும் எழுதுங்கோ.

சரியான திருத்தம். புலிகளின் பகிஷ்கரிப்பு நடைமுறையில் இருந்த இடத்தில் "விரும்பிப் போகவில்லை" என்று எவரும் எழுதக்கூடாது. இந்த விவாதத்தை இங்கே நிறுத்துகிறேன், மற்றவர்கள் காத்திருக்கிறார்கள்.

கேள்வி (கண்டி): பாதிக் கோட்டை மயிரிழையில் தாண்டியது 2005தானே?

1988. ரணசிங்க பிரேமதாச 2,569,199, செல்லுபடியானவை 5,094,778. பாதியை விட 21,810 கூட. தோற்ற சிறிமாவோ பண்டாரநாயக்க உயர் நீதிமன்றம் போனார். மனு 1992இல் தள்ளுபடியானது.

கேள்வி (புத்தளம்): முடிவை எதிர்த்து எங்கே போவது?

உயர் நீதிமன்றம் மட்டும். குறைந்தது 5 நீதியரசர்கள் கேட்கவேண்டும். எண்ணிக்கையில் சந்தேகம் என்றால் வாக்கெண்ணும் நிலையத்திலேயே முகவர் ஆட்சேபிக்க வேண்டும். முகவர் நித்திரை கொண்டுவிட்டு முகநூலில் முறையிட்டுப் பயனில்லை.

கேள்வி (மதுரை): அங்கே வாக்குப்பதிவு இயந்திரத்தில் மோசடி நடந்ததா?

இலங்கையில் கடதாசிச் சீட்டுத்தான்.

கேள்வி (மாத்தறை): அமைதியாக இருந்த நாட்டில் ஊரடங்கு எதற்கு?

21ஆம் திகதி இரவு 10 மணிக்குப் போட்டு, மறுநாள் நண்பகல் வரை நீட்டினார்கள். முன்னெச்சரிக்கை நடவடிக்கை. மேலதிகக் காரணம் பொலிஸைக் கேளுங்கள்.

கேள்வி (கம்பஹா): பதிவான வாக்கு 13,619,916. அதில் அநுரவுக்கு 41 வீதம்தான் வருகிறது. 42 என்று ஏமாற்றினார்களா?

செல்லுபடியான வாக்கால் பிரியுங்கள். மூன்றாம் தடவை சொல்லமாட்டேன்.

கேள்வி (மன்னார்): திசைகாட்டிக்கு 1 போட்டவர்கள் யாருக்கு 2 போட்டார்கள்? அந்த எண்ணிக்கை எங்கே கிடைக்கும்?

எங்கும் கிடைக்காது. முதல் இருவரின் சீட்டில் உள்ள 2, 3 எண்ணப்படுவதே இல்லை. சஜித்தின் சீட்டுகளுக்கும் அப்படித்தான்.