அம்மாவின் கையெழுத்து தேவையில்லையா?

கேள்வி: எனக்கு 46 வயது. ஃப்ரீமான்ட்டில் சொந்த வீடு. இன்றைய மதிப்பு சுமார் 16 லட்சம் டாலர். மனைவியும் வேலைக்குப் போகிறார். பிள்ளைகளுக்கு வயது 14, 10. உயில் மட்டும் எழுதினால் போதாது, லிவிங் டிரஸ்ட் (உயிரோடு இருக்கும்போதே சொத்தை ஒரு டிரஸ்டின் பேருக்கு மாற்றி, பின்னால் யாருக்கு என்று எழுதிவைப்பது) போட்டால்தான் ப்ரோபேட் கோர்ட்டை, அதாவது இறந்தவர் சொத்தை நீதிமன்றம் வழியாகப் பிரிக்கும் நடைமுறையைத் தவிர்க்கலாம் என்கிறார்கள். வக்கீல் சில ஆயிரம் டாலர் கேட்கிறார். அது தண்டச் செலவா? எங்களுக்குப் பிறகு டிரஸ்டை நிர்வகிக்கும் டிரஸ்டியாக டாலஸில் இருக்கும் மைத்துனரைப் போட்டு, எல்லாவற்றையும் பிள்ளைகளுக்குச் சமமாக எழுத நினைக்கிறோம். அம்மாவுக்கு 74 வயது, எங்களோடுதான் இருக்கிறார். 2016-இல் கும்பகோணம் வீட்டை விற்று அவர் கொடுத்த 40 லட்சம் ரூபாயும் டவுன் பேமென்ட்டில் சேர்ந்தது. அம்மா கையெழுத்து எதற்கும் தேவைப்படாது அல்லவா? அவரை ஏன் அலைக்கழிக்க வேண்டும்?
– ஒரு வாசகர், கலிபோர்னியா

பதில்: தம்பி, நீங்கள் கேட்டதற்குச் சில வரிகளில் பதில் சொல்லிவிடலாம். போகிற போக்கில் கடைசியில் எழுதியிருக்கிறீர்களே, அதற்குத்தான் மீதிப் பக்கம் முழுவதும் வேண்டும்.

டிரஸ்ட் தண்டச் செலவு இல்லை. நீங்கள் இருவருமே இல்லாமல் போய், வெறும் உயில் மட்டும் இருந்தால் வீடு ப்ரோபேட்டுக்குத்தான் போகும். கலிபோர்னியாவில் வக்கீல் கட்டணத்தைச் சட்டமே வகுத்து வைத்திருக்கிறது: முதல் ஒரு லட்சம் டாலருக்கு 4 சதவீதம், அடுத்த லட்சத்துக்கு 3, அதற்கடுத்த 8 லட்சத்துக்கு 2, அதற்கு மேல் 1 சதவீதம். வீட்டுக்கடன் எவ்வளவு பாக்கி இருந்தாலும் கழிக்க மாட்டார்கள். முழு மதிப்புக்குத்தான் கணக்கு. உங்கள் வீட்டுக்கு 29,000 டாலர். உயிலை நிறைவேற்றுபவரும் கேட்டால் அவருக்கும் அதே 29,000. ஆக 58,000.

சரி, 2016-இல் 40 லட்சம் ரூபாய் எத்தனை டாலர்? சுமார் 60,000. இரண்டு தொகையையும் ஒரு காகிதத்தில் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பாருங்கள். கோர்ட்டுக்குப் போய்விடுமோ என்று பயந்து எனக்குக் கடிதம் எழுத வைத்ததும் ஏறக்குறைய அதே தொகைதான். அம்மா கொடுத்ததோ உங்கள் கடிதத்தில் ஒரே வரி. "சேர்ந்தது" என்று எழுதியிருக்கிறீர்கள். அது தானாக வந்து சேரவில்லை தம்பி, அம்மா கொடுத்தார்.

அவர் கையெழுத்து தேவைப்படாதா? கும்பகோணம் பத்திர ஆபீஸில் ஒவ்வொரு பக்கத்திலும் அவரிடம் கையெழுத்து வாங்கினார்கள். போட்டோ எடுத்தார்கள், விரல் ரேகை வாங்கினார்கள். அன்றைக்கு அந்தக் கையெழுத்து இல்லாமல் ஒரு ரூபாய் நகர்ந்திருக்காது. அவருக்கென்று உலகத்தில் இருந்த ஒரே கூரையை அந்தக் கையெழுத்தால்தான் உங்களுக்குக் கொடுத்தார். இன்றைக்கு அதே கூரையைப் பற்றி எழுதும்போது, அலைச்சல் வேண்டாம் என்று அவரை வெளியே உட்கார வைக்கிறீர்கள். இதைக் கரிசனம் என்று நான் ஒத்துக்கொள்ள மாட்டேன்.

நீங்கள் நினைத்திருக்கும் டிரஸ்டில் அம்மாவின் நிலை என்ன என்று யோசித்தீர்களா? நீங்கள் இருவரும் ஒரே காரில் போகும்போது ஏதாவது ஆகிவிட்டால், டாலஸ் மைத்துனர் டிரஸ்டி. அவர் தங்கமான மனிதராகவே இருக்கட்டும். டிரஸ்டில் எழுதியிருப்பதைத்தான் அவர் செய்ய முடியும். எல்லாம் பிள்ளைகளுக்கு என்று எழுதியிருந்தால், வீட்டை வைத்துக்கொண்டாலும் விற்றாலும் பிள்ளைகளின் நலனைப் பார்ப்பதுதான் அவர் கடமை. பாட்டி இருக்கட்டும் என்று அவர் மனசு சொன்னாலும் காகிதம் இடம் கொடுக்காது. சட்டமாவது கைகொடுக்குமா என்றால், உயிலே இல்லாமல் போனாலும் பிள்ளைகள் இருக்கும்போது பெற்றோருக்கு அங்கே பங்கு கிடையாது.

சான் ஹொசேயில் இப்படி ஒரு வீட்டைக் காலி செய்ய நான் உதவிக்குப் போனேன். மகனும் மருமகளும் ஒரே விபத்தில் போய்விட்டார்கள். பாட்டி பூஜை அலமாரிப் படங்களைப் பழைய செய்தித்தாளில் ஒவ்வொன்றாகச் சுற்றிக்கொண்டிருந்தார். அப்புறம் மருமகளின் தம்பியைப் பார்த்து, "கிரைண்டர் நான் ஊரிலிருந்து கொண்டுவந்தது, எடுத்துக்கலாமா?" என்று கேட்டார். அந்தப் பையன் அழுதுவிட்டான். பத்து வருடம் அந்த வீட்டுக்கே மாவு அரைத்த கிரைண்டருக்கு அந்தம்மா அனுமதி கேட்கும்படி ஆனது. அதை நான் இன்னும் மறக்கவில்லை.

டிரஸ்டில் இதற்கு வழி இருக்கிறது. அம்மா உயிரோடு இருக்கும்வரை அந்த வீட்டில் குடியிருக்கலாம் என்று ஒரு பிரிவு எழுதச் சொல்லுங்கள். அதோடு நிறுத்தாதீர்கள். அதுவரை கடன் தவணை, சொத்து வரி, இன்ஷூரன்ஸ், பழுதுபார்ப்பு எல்லாம் எந்தப் பணத்திலிருந்து போகும் என்பதையும் எழுத வேண்டும். பணம் இல்லாத உரிமை ஆறு மாதம் தாங்காது. பிள்ளைகள் மாமாவோடு டாலஸுக்குப் போக, வீட்டை விற்றே ஆகவேண்டும் என்றால் அம்மாவுக்கு முதலில் எவ்வளவு என்று ஒரு தொகை போடுங்கள். 60,000-ஐ அப்படியே போடாதீர்கள். வீடு ஏறிய விகிதத்தில் அதுவும் ஏற வேண்டும். பிள்ளைகளுக்குக் குறையுமே என்று மனைவி வருத்தப்பட்டால், அந்தப் பிள்ளைகளை வளர்த்ததில் பாட்டிக்கு எவ்வளவு பங்கு என்பது அவருக்கே தெரியும்.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்கிறேன். டிரஸ்டில் கையெழுத்துப் போட்டு அலமாரியில் வைத்தால் வேலை முடியவில்லை. வீட்டை டிரஸ்டின் பேருக்கு மாற்றிய பத்திரத்தைக் கவுண்டி ரெக்கார்டர் ஆபீஸில் பதிய வேண்டும். பதியாத வீடு கோர்ட்டுக்கே போய் நிற்கலாம். உங்கள் சொந்த டிரஸ்டுக்கு மாற்றுவதால் சொத்து வரி ஏறாது. பின்னால் வீட்டுக்கடனை ரீஃபைனான்ஸ் செய்யும்போது, அதாவது பழைய கடனை அடைத்துப் புதுக்கடன் வாங்கும்போது, கடன் கொடுப்பவர் வீட்டை டிரஸ்டிலிருந்து எடுக்கச் சொல்லக்கூடும். திரும்ப டிரஸ்டின் பேருக்கு மாற்றப் பலர் மறந்துவிடுகிறார்கள். 401கே என்ற ஓய்வுக்காலச் சேமிப்புப் பணம் பொதுவாக அதற்கான படிவத்தில் யார் பெயர் இருக்கிறதோ அவருக்குப் போகும், அதையும் பாருங்கள். பிள்ளைகளுக்குக் கார்டியன் (பாதுகாவலர்) யார் என்பதை வழக்கமாக உயிலில்தான் எழுதுவார்கள், அதனால் உயிலும் கூடவே இருக்கட்டும்.

வக்கீலிடம் போகும் நாளில் அம்மாவையும் கூட்டிக்கொண்டு போங்கள். அவரோடு தனியாகப் பேச வேண்டும் என்று வக்கீல் சொன்னால், நீங்கள் வெளியே உட்காருங்கள். அவர் பேரில் எழுதிய பிரிவை அன்றிரவு சாப்பாட்டுக்குப் பிறகு வரிவரியாகத் தமிழில் அவரிடம் சொல்லுங்கள். "எனக்கு எதுக்குப்பா இதெல்லாம்" என்பார். அதைக் கேட்டுவிட்டுக் காகிதத்தை மடித்துவிடாதீர்கள், கடைசி வரிவரை படியுங்கள்.