கடைப் பணத்தில் வீட்டுக்கு எடுப்பதைக் கணக்கில் எப்படி எழுதுவது?

தனி ஆளாகக் கடை நடத்துகிறேன், வீட்டுக்கு எடுக்கும் பணத்தை என் சம்பளம் என்று செலவில் எழுதலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். எழுதக் கூடாது. நானும் இரண்டு வருடம் அந்தத் தப்பைச் செய்தவன்தான்.

கொடுங்கையூரில் எனக்கு ஒரு சின்ன எலக்ட்ரிகல் கடை. கீழே கடை, மேலே வீடு, இரண்டுக்கும் ஒரே கல்லா. பால் பாக்கி, பையனின் ஸ்கூல் ஃபீஸ், ஞாயிற்றுக்கிழமை காசிமேட்டில் வாங்கும் மீன் எல்லாம் அதிலிருந்துதான். நோட்டிலும் அப்படியே, ஒயர் பில்லுக்கும் கடைப்பையன் கூலிக்கும் நடுவில் மீன் உட்கார்ந்திருக்கும். வருடக் கடைசியில் கூட்டினால் நஷ்டம். கடையை இழுத்து மூடிவிட்டு எங்காவது வேலைக்குப் போகலாமா என்றுகூட யோசித்தேன். ஆடிட்டர் நோட்டைப் புரட்டிவிட்டு, “கடை நல்லாத்தான் ஓடுது சார், இதுல பாதி உங்க வீட்டுக் கணக்கு” என்றார்.

தனி உரிமையாளர் என்றால் வரிக் கணக்கில் கடையும் நீங்களும் ஒரே ஆள். உங்களுக்கு நீங்களே சம்பளம் போட்டுக்கொள்ள முடியாது. வரி லாபத்துக்குத்தான், எடுத்த பணத்துக்கு இல்லை. மாதம் 45,000 லாபம் என்றால், 30,000 எடுத்தாலும் 60,000 எடுத்தாலும் வரி அந்த 45,000 மீதுதான். ஆனால் 60,000 எடுத்த மாதம் மூலதனத்தில், அதாவது கடையில் நீங்கள் போட்ட பணத்தில், 15,000 கரைந்திருக்கும். சரக்கு வாங்கப் போகும்போதுதான் அது தெரியும்.

சரி, எழுதும் முறை. ‘எடுப்பு’ என்று தனிக் கணக்கு தொடங்குங்கள். ஆடிட்டர்கள் டிராயிங்ஸ் என்பார்கள். டேலி என்ற கணக்கு சாஃப்ட்வேரில் எழுதினால் கேப்பிட்டல் அக்கவுன்ட் (மூலதனக் கணக்கு) குரூப்பின் கீழ் வைக்க வேண்டும். பணம் எடுத்தால் எடுப்பில் பற்று (டெபிட்), ரொக்கத்திலோ பேங்கிலோ வரவு (கிரெடிட்). மார்ச் 31 அன்று மொத்தத்தையும் மூலதனக் கணக்கில் கழித்துவிடுங்கள். லாப நட்டக் கணக்குப் பக்கமே அது போகக் கூடாது.

பலர் கோட்டை விடுவது சரக்கில். போன கோடையில் எங்கள் வீட்டு ஃபேன் புகைந்துவிட்டது, கடையில் இருந்த ஒன்றைக் கொண்டுபோய் மாட்டினேன். நான் வாங்கிய விலை 1,500, அதற்கு 18% ஜிஎஸ்டி 270. விற்கும் விலையைப் பார்க்க வேண்டாம். எடுப்பில் 1,770 பற்று, கொள்முதலில் 1,500 வரவு, உள்ளீட்டு வரியில் (சரக்கு வாங்கும்போது கொடுத்து, விற்பனை வரியில் கழித்துக்கொள்ளும் ஜிஎஸ்டி) மத்திய அரசின் பங்கான சிஜிஎஸ்டி 135, மாநிலத்தின் பங்கான எஸ்ஜிஎஸ்டி 135 வரவு. சொந்த உபயோகத்துக்குப் போன சரக்குக்கு உள்ளீட்டு வரி எடுக்க முடியாது, ஜிஎஸ்டி சட்டத்தில் பிரிவு 17(5) அதைத்தான் சொல்கிறது. ஏற்கெனவே எடுத்திருந்தால் ஜிஎஸ்டிஆர் 3பி ரிட்டர்னில் திருப்பிக் காட்டிவிடுங்கள்.

கடை அக்கவுன்டிலிருந்து உங்கள் வருமான வரியைக் கட்டினால் அதுவும் எடுப்புதான், எல்ஐசி பிரீமியமும் அப்படியே. மாடி வீட்டு ஈபி பில் எடுப்பு, கடை மீட்டர் பில் செலவு. பைக் பெட்ரோல் கொஞ்சம் இழுபறி. வயரிங் வேலைக்குப் போனது எவ்வளவு, சொந்தமாகச் சுற்றியது எவ்வளவு என்று நியாயமாகப் பிரிக்க வேண்டும். நேர்மாறாக, வீட்டுப் பணத்தைக் கல்லாவில் போட்டால் மூலதனக் கணக்கில் வரவு வையுங்கள். விற்பனையோடு கலந்தால் இல்லாத லாபத்துக்கு வரி கட்டுவீர்கள்.

வருமான வரிக்கு விற்பனையில் 8% அல்லது 6% என்று உத்தேச லாபம் காட்டுபவர்களுக்கு, அந்த வரியைப் பொறுத்தவரை இவ்வளவு கணக்கு கட்டாயமில்லை. நான் எழுதுகிறேன், இல்லையென்றால் கடை ஓடுகிறதா இல்லையா என்று எனக்கே தெரியாது.

இப்போது திங்கட்கிழமைதோறும் ஒரு தொகையை வீட்டு அக்கவுன்டுக்கு மாற்றிவிடுகிறேன், வாரத்துக்கு ஒரே பதிவு. அப்படியும் மாதக் கடைசியில் கல்லாவில் 200, 300 துண்டு விழும். யோசித்தும் பிடிபடாவிட்டால் எடுப்பில்தான் எழுதுகிறேன். டீக்கும் பஜ்ஜிக்கும் நானேதான் எடுத்திருப்பேன்.